நாஷ்வில் கிராண்ட் ஓல் ஓப்ரி: அட்லாண்டாவிலிருந்து காரில் போய்ப் பார்க்கலாமா?

பார்க்கலாம். டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ஏதாவது ஒரு சனிக்கிழமை, நன்றாக இருட்டிய பிறகு, காரில் உட்கார்ந்து ஏஎம் ரேடியோவில் 650-ஐ வையுங்கள். டென்னசி மாநிலத்து நாஷ்வில்லின் டபிள்யூ.எஸ்.எம். நிலையம் அது. கிராண்ட் ஓல் ஓப்ரி என்பது அதில் நேரடியாக வரும் கன்ட்ரி இசை நிகழ்ச்சி, அமெரிக்க நாட்டுப்புறப் பாணிப் பாட்டு. ஒருவர் இரண்டு பாட்டுப் பாடிவிட்டு இறங்குவார், அறிவிப்பாளர் ஒரு விளம்பரம் வாசிப்பார், அடுத்தவர் ஏறுவார். அரங்கத்துக்கே போய் உட்கார்ந்தாலும் கண்முன் நடப்பது இதேதான். 1925 நவம்பர் 28 அன்று தொடங்கிய வானொலி நிகழ்ச்சி நூறு வருஷம் தாண்டியும் வானொலி நிகழ்ச்சியாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. டிக்கெட் வாங்கியவர் ஒலிபரப்பு நடக்கும் கூடத்துக்குள் உட்கார இடம் வாங்கியிருக்கிறார், அவ்வளவுதான். ரேடியோவில் அரை மணி நேரம் கேட்டு, இது நமக்குச் சரிப்படும் என்று தோன்றினால் 250 மைல் ஓட்டுவது வீணாகாது. அபிமானப் பாடகரை இரண்டு மணி நேரம் கேட்கப் போகிறோம் என்ற நினைப்பில் போகிறவர், அவர் மூன்றாவது பாட்டோடு கையசைத்துவிட்டு உள்ளே போகும்போது திகைத்துப்போவார். அந்தத் திகைப்போடுதான் பல பேர் இணைய மதிப்புரையில் கோபமாக ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டுப் போகிறார்கள்.

மேடையில் என்ன கிடைக்கும்

ஓர் இரவு நிகழ்ச்சி ஏறத்தாழ இரண்டு மணி நேரம், நடுவில் ஓர் இடைவேளை. ஏழெட்டுப் பேர் மேடையேறுவார்கள். ஆளுக்கு இரண்டு அல்லது மூன்று பாட்டு. இந்த வருஷம் பெயர் வாங்கிய இளசு ஒன்று இருக்கும், நாற்பது ஐம்பது வருஷமாகப் பாடும் பெரியவர் ஒருவர் இருப்பார், பாஞ்சோவும் ஃபிடிலும் பறக்கிற புளூகிராஸ் குழு ஒன்று, சில நாள் ஒரு நகைச்சுவைக்காரர், சில நாள் ஸ்கொயர் டான்ஸ் ஆடும் கூட்டம். மேடை ஓரத்தில் நிற்கும் அறிவிப்பாளரைக் கொஞ்சம் கவனியுங்கள். பாடியவரின் ஆட்கள் வயரைச் சுருட்டி எடுத்து, வருகிறவரின் ஆட்கள் கிட்டாரைச் செருகும் அந்த இடைவெளியை அவர் குரல்தான் நிரப்புகிறது. காகிதத்தைப் பார்த்து விளம்பரம் வாசித்துக்கொண்டே கண்ணை மேடைமேல் வைத்திருப்பார். அங்கே தயார் என்றதும் வாக்கியத்தை முடித்து அடுத்த பெயரைச் சொல்வார். காற்றலையில் மௌனம் விழக்கூடாது என்ற பழைய ரேடியோ பயம் இன்னும் அங்கே இருக்கிறது. இந்தக் கைவேலையைப் பார்ப்பதற்கே டிக்கெட் தகும் என்பது எங்கள் கட்சி.

சொந்த வாத்தியக்காரர்களைக் கூட்டிவராதவர்களுக்கு ஓப்ரியின் நிலையக் குழு வாசிக்கும். ஆள் மாறினாலும் ஒலி ஒரே தரத்தில் இருப்பதற்குக் காரணம் அதுதான். ஸ்டேடியம் கச்சேரிபோல நெஞ்சை இடிக்கும் சத்தமோ வாணவேடிக்கையோ கிடையாது. ஒவ்வொரு சொல்லும் காதில் விழும். கன்ட்ரி இசையில் பாதி விஷயம் கதையாக இருப்பதால் இது பெரிய வசதி. ஆங்கிலத் தென்மாநில உச்சரிப்பு இன்னும் பிடிபடாதவர்களுக்கும் உதவும். குழந்தைகளையும் வயதானவர்களையும் தயங்காமல் கூட்டிப் போகலாம்.

பெயருக்கு ஒரு கதை உண்டு, தெரிந்துகொண்டு போனால் ரசிக்கும். தொடக்கத்தில் இதற்கு டபிள்யூ.எஸ்.எம். பார்ன் டான்ஸ் என்று பெயர். 1927 டிசம்பரில் ஓர் இரவு, தேசிய வலையமைப்பில் வந்த சாஸ்திரிய இசை நிகழ்ச்சி முடிந்து இவர்கள் முறை வந்தது. டிஃபோர்ட் பெய்லி என்ற கறுப்பினக் கலைஞர் ஹார்மோனிகாவில் ரயில் ஓடும் சத்தத்தை வாசித்தார். அறிவிப்பாளர் ஜார்ஜ் டி. ஹே, இதுவரை கேட்டது கிராண்ட் ஓப்ரா, இனி வரப்போவது கிராண்ட் ஓல் ஓப்ரி என்று கிண்டலாகச் சொன்னார். ஓப்ராவை நாட்டுப்புற நாக்கில் போட்டுத் திரித்ததுதான் ஓப்ரி. நிலையத்தை நடத்தியது ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனம். டபிள்யூ.எஸ்.எம். என்ற எழுத்துகளே, லட்சக்கணக்கானவர்களைக் காக்கிறோம் என்று பொருள்படும் அவர்கள் விளம்பர வாசகத்தின் முதலெழுத்துகள். ஆகவே நடுநடுவே விளம்பரம் வருகிறதே என்று அலுத்துக்கொள்வதில் அர்த்தமில்லை, பிறந்ததே அதற்காகத்தான்.

இப்போதுள்ள அரங்கம், ஓப்ரி ஹவுஸ், 1974 மார்ச் 16 அன்று திறந்தது. திறப்பு விழாவில் அதிபர் நிக்சன் பியானோ வாசித்தார். ஏறக்குறைய 4,400 பேர் உட்காரலாம். மேடை நடுவில், சுற்றியுள்ள பலகையிலிருந்து நிறம் மாறித் தெரியும் ஆறடி வட்டம் ஒன்று இருக்கும். பழைய அரங்கமான ரைமன் மேடையிலிருந்து அறுத்துக் கொண்டுவந்து பதித்த ஓக் மரம் அது. பாடகர்கள் அதன்மேல் நின்றுதான் பாடுவார்கள். முதல்முறை வருகிறவர்கள் கால் வைக்கும் முன் ஒரு கணம் குனிந்து பார்ப்பதைக் காணலாம். 2010 மே மாதம் கம்பர்லாந்து ஆறு கரை புரண்டபோது மேடைக்கு மேல் 46 அங்குலம் தண்ணீர் நின்றது. வட்டம் மூழ்கியும் தப்பியது. அதைச் சீர்செய்து திரும்பப் பதித்து, செப்டம்பர் 28 அன்று அரங்கத்தைத் திறந்தார்கள். பகலில் நடக்கும் மேடைப் பின்புறச் சுற்றில் அந்த வட்டத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள விடுகிறார்கள். நேரம் இருந்தால் இரவு நிகழ்ச்சியோடு பகல் சுற்றையும் சேர்த்தே எடுங்கள். ஓப்ரியில் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்ட பாடகர்களுக்கு வரும் ரசிகர் கடிதங்களுக்கான தபால் பெட்டிகள், ஒவ்வொன்றும் ஒரு தோரணையில் அலங்கரித்த ஒப்பனை அறைகள் எல்லாம் அதில்தான் வரும்.

டிக்கெட்டில் எங்கே சறுக்குகிறார்கள்

முதல் சறுக்கல், கட்டடம். குளிர்காலத்தில் சில வாரங்கள் ஓப்ரி தன் பழைய வீடான ரைமன் ஆடிட்டோரியத்துக்குப் போய் நடக்கும். ரைமன் நகர மையத்தில் இருக்கிறது. ஓப்ரி ஹவுஸ் அங்கிருந்து வடகிழக்கே பிரைலி பார்க்வே ஓரத்தில், சுமார் பத்து மைல். டிக்கெட்டில் ஓப்ரி என்ற சொல்லை மட்டும் பார்த்துவிட்டு, வரைபடத்தில் தவறான கட்டடத்தைப் போட்டு வந்து சேர்கிறவர்கள் ஒவ்வொரு குளிர்காலத்திலும் உண்டு. மாலை நெரிசலில் இந்தப் பத்து மைலுக்கு முக்கால் மணி நேரம்கூட ஆகலாம். டிக்கெட்டில் அரங்கத்தின் பெயரைப் படித்து அந்த முகவரியையே வரைபடத்தில் போடுங்கள்.

இரண்டாவது, பெயர்ப் பட்டியல். தேதி விற்பனைக்கு வரும்போது யார் பாடுகிறார்கள் என்பது முழுதாக இருக்காது. வாரம் போகப் போகப் பெயர்கள் ஒவ்வொன்றாகச் சேரும், சில சமயம் ஒன்றிரண்டு கழன்றும் போகும். நீங்கள் வாங்குவது தேதியும் இருக்கையும். குறிப்பிட்ட ஆள் வராததற்காகக் காசு திரும்பும் என்று எதிர்பார்க்கக் கூடாது. யாருக்காகப் போகிறீர்களோ அவருடைய சொந்தச் சுற்றுப்பயண அட்டவணையை ஒருமுறை பாருங்கள். முந்தின இரவு டெக்சஸிலோ கலிஃபோர்னியாவிலோ கச்சேரி இருந்தால், இங்கே வருவது விமானத்தை நம்பியது.

மூன்றாவது, நாள். செவ்வாய், வெள்ளி, சனி வழக்கமான நாட்கள். கூட்டம் அலைமோதும் மாதங்களில் மற்ற நாட்களும் சேரும். சனிக்கிழமை சில சமயம் ஏழு மணிக்கு ஒன்று, ஒன்பதரைக்கு ஒன்று என்று இரண்டு காட்சி நடக்கும். இரண்டு காட்சி உள்ள சனிக்கிழமையில் முதல் காட்சி கொஞ்சம் கறாராக நேரத்தைப் பிடித்து ஓடும், அரங்கைக் காலி செய்ய வேண்டுமே. விலையும் அறை வாடகையும் சேர்த்துப் பார்த்தால் செவ்வாய்க்கிழமைதான் சிக்கனம். மேடையில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

இருக்கை பற்றிப் பதற்றப்பட வேண்டாம். ஓப்ரி ஹவுஸில் தேவாலய பாணியில் வளைந்த நீள பெஞ்சுகள், மெத்தை போட்டவை. தரை நன்றாகச் சரிந்திருப்பதால் முன்னால் இருப்பவர் தலை மறைப்பது குறைவு. பக்கவாட்டில் முன்வரிசைக்குக் கூடுதல் காசு கொடுப்பதைவிட நடுப்பகுதியில் பத்து வரிசை பின்னால் போவது நல்லது. வட்டம் நடுவில் இருக்கிறது, பாடுகிறவர் முகம் நேராகத் தெரியும்.

ஒரே பாடகர்தான் வேண்டுமென்றால் ரைமன்

ரைமனில் ஓப்ரி அல்லாத நாட்களில் தனிக் கச்சேரிகள் நடக்கின்றன. ஒருவரை முழுக்கக் கேட்க வேண்டுமென்றால் அதற்குத்தான் போக வேண்டும். 2,362 இருக்கை. ஆற்றுப் படகு முதலாளி தாமஸ் ரைமன் ஒரு மதப் பிரசங்கத்தைக் கேட்டு மனம் மாறிக் கட்டிய பிரார்த்தனைக் கூடம் இது, 1892-இல் திறந்தது. 1943 முதல் 1974 வரை ஓப்ரி இங்கேதான் நடந்தது. 1945 டிசம்பரில் பில் மன்றோ என்ற பாடகரின் குழுவில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் என்ற இளைஞர் மூன்று விரலால் பாஞ்சோ வாசித்து, புளூகிராஸ் என்று இன்று சொல்லும் இசைக்கு உருவம் வந்ததும் இந்த மேடையில்தான். வெளியே மன்றோவுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள்.

ஒலிக்கு ஈடு இணை சொல்வது கடினம். மரக்கூரை, மர பெஞ்சு, வளைந்த பால்கனி. மைக் இல்லாமல் போதகர் குரல் கடைசி வரிசைக்குப் போக வேண்டும் என்று கட்டியது. ஆனால் பிரார்த்தனைக் கூடமாகக் கட்டியதற்கான விலையையும் நீங்கள்தான் கொடுக்கிறீர்கள். பெஞ்சு கட்டைதான். கைப்பிடி கிடையாது, எண் ஒட்டிய இடத்துக்குள் தோளோடு தோள் ஒட்டி உட்கார வேண்டும். கீழ்த்தளத்தில் பால்கனியைத் தாங்கும் தூண்கள் நிற்கின்றன. பார்வை மறையும் என்று குறிப்பிட்ட டிக்கெட்டை மலிவாக இருக்கிறதே என்று எடுத்தால், இரண்டு மணி நேரமும் தூணுக்கு இடப்பக்கம் ஒருமுறை வலப்பக்கம் ஒருமுறை என்று தலையாட்ட வேண்டியதுதான். கீழ்த்தளத்தில் பால்கனிக்கு அடியில் போகிற பின்வரிசைகளில் உச்சஸ்தாயி ஒலி அமுங்கிவிடும். எங்கள் தேர்வு, பால்கனியின் நடுப்பகுதி, முதல் சில வரிசைகள். மேடையை லேசாகக் குனிந்து பார்க்கும் கோணம், தூண் தொல்லை இல்லை, கூரையிலிருந்து திரும்பும் ஒலி முழுதாகக் காதில் விழும்.

1994 புதுப்பிப்புக்கு முன்பு இங்கே குளிர்சாதனம்கூடக் கிடையாது. ஒப்பனை அறைக்கும் பஞ்சம். பாடகர்கள் தங்கள் முறை வரும்வரை பின்பக்கச் சந்துக்குள் நடந்து, பிராட்வே தெருவிலிருக்கும் டூட்சீஸ் ஆர்க்கிட் லவுஞ்ச் என்ற மதுக்கடையின் பின்வாசல் வழியாகப் போய் உட்கார்ந்துகொண்ட பழக்கம் அதனால் வந்ததுதான். சந்து இன்னும் இருக்கிறது. கச்சேரி முடிந்து கூட்டம் முன்வாசலில் முட்டும்போது அந்தப் பக்கம் ஒரு நடை போய்ப் பாருங்கள்.

ரைமனில் தனிக் கச்சேரிகளுக்கு ஹேட்ச் ஷோ பிரின்ட் அச்சகம் மரக்கட்டை எழுத்தில் அடித்த சுவரொட்டி விற்பார்கள். 1879 முதல் இயங்கும் அச்சகம். அந்த இரவுக்கென்று அடித்தது குறைந்த எண்ணிக்கையில்தான் வரும், இடைவேளைவரை பொறுத்தால் தீர்ந்திருக்கும். கதவு திறந்ததும் வாங்கிவிடுங்கள். சுருட்டி வைக்க ஓர் அட்டைக் குழாய் காரில் இருக்கட்டும். மடித்தால் மையிட்ட தடித்த காகிதம் மடிப்பில் வெடிக்கும்.

பாதை

அட்லாண்டாவிலிருந்து ஐ-75 வடக்கு, சாட்டனூகாவில் ஐ-24 மேற்கு, நேராக நாஷ்வில். நிற்காமல் ஓட்டினால் நான்கு மணி நேரம். நின்று போனால் ஐந்து என்று வையுங்கள். டென்னசியில் சுங்கச்சாவடி கிடையாது. அட்லாண்டா வடமேற்கில் ஐ-75 ஓரமாக ஓடும் விரைவுத் தடங்களுக்கு மட்டும் பீச் பாஸ் என்ற சுங்க அட்டை வேண்டும். அவை காலையில் நகரை நோக்கியும் மாலையில் நகரிலிருந்து வெளியேயும் திசை மாறும். அதனால் காலையில் கிளம்புகிறவருக்கு அந்தத் தடத்தால் பயனில்லை.

நேரக் கணக்கில்தான் பலர் குழம்புகிறார்கள். சாட்டனூகா கிழக்கு நேரம், அதைத் தாண்டி மேரியன் கவுன்டி எல்லையில் மத்திய நேரம் தொடங்குகிறது. போகும்போது ஒரு மணி நேரம் லாபம், வரும்போது நஷ்டம். ஓப்ரி ஏழு மணி என்றால் அட்லாண்டா கடிகாரத்தில் எட்டு. காலை பதினொன்றுக்கு வீட்டைப் பூட்டினால், சாப்பாட்டுக்கு நின்றும் நாஷ்வில் நேரம் மூன்று மூன்றரைக்குப் போய்விடலாம். அதற்கு மேல் தாமதித்தால் மர்ஃப்ரீஸ்பரோவிலிருந்து நாஷ்வில் வரையிலான ஐ-24-இன் மாலை நெரிசலில் சரியாகப் போய் மாட்டுவீர்கள். திரும்பும் திட்டத்தில் இந்த ஒரு மணி நேரத்தை மறக்கிறவர்கள்தான் மறுநாள் காலை அலுவலகத்துக்குத் தாமதமாகப் போகிறார்கள்.

முதல் நிறுத்தமாக ஐ-75-இல் 310-ஆம் வெளிவழியிலிருக்கும் பக்கீஸ் என்ற பெரிய பெட்ரோல் நிலையம் போதும். எண்ணெய், கழிப்பறை இரண்டும் ஒழுங்கு. உள்ளே கடைகடையாகப் பார்க்க ஆரம்பித்தால் முக்கால் மணி நேரம் காணாமல் போகும், கறாராக இருங்கள். சாட்டனூகாவில் ஐ-24-க்குத் திரும்பியதும் மிஷனரி ரிட்ஜ் வெட்டு, பிறகு ஒருபக்கம் லுக்அவுட் மலையும் மறுபக்கம் டென்னசி ஆறுமாக நெருக்கும் வளைவு. ஒரு சின்ன விபத்து நடந்தாலும் ஒதுங்க இடமில்லாமல் மொத்தமும் நின்றுவிடும். நகருக்குப் பத்து மைல் முன்பே வரைபடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து சாலை சில மைல் மறுபடி ஜார்ஜியாவுக்குள் நுழைந்து வெளியேறும். மாநிலப் பலகையைப் பார்த்து வழி தவறிவிட்டோம் என்று பதற வேண்டாம். அந்தப் பகுதியில் ஐ-59 பிரியும். அது பர்மிங்ஹாம் போகிறது. பலகையில் நாஷ்வில் என்ற பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் போதும்.

அடுத்து மான்டீகிள் மலை. போகும்போது ஏற்றம். பாரமேற்றிய லாரிகள் ஊர்ந்து ஏறும். பின்னால் ஒட்டிப் போய் மாட்டிக்கொள்ளாமல், தூரத்திலேயே பார்த்துத் தடம் மாறுங்கள். ஏற்றத்துக்கு முன் கிம்பல் ஊரில் எண்ணெய் போட்டுக்கொள்ளலாம். வரும்போதுதான் கவனம். கிழக்கு நோக்கி நீளமாக, செங்குத்தாக இறங்கும் சாலை. பிரேக் பிடிக்காத லாரிகள் ஏறி நிற்க மணல் சரிவுத் தடங்கள் இடப்பக்கம் போட்டிருக்கிறார்கள். இடத்தடத்தில் போகிறவர், பின்னால் ஒரு லாரி நிதானமில்லாமல் வருவது கண்ணாடியில் தெரிந்தால், உடனே வலப்பக்கம் ஒதுங்கி அதற்கு வழிவிட வேண்டும். பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கினால் சூடேறிப் பிடிப்பு குறையும். ஆட்டோமேட்டிக் காரிலும் தாழ்ந்த கியருக்கு மாற்றி எஞ்சின் பிடிப்பிலேயே இறக்குங்கள், நடுநடுவே மட்டும் பிரேக். மேலே மூடுபனியும் குளிர்காலத்தில் உறைபனியும் உண்டு. கீழே வெயில் அடிக்கும்போதே மேலே ஒன்றும் தெரியாமல் இருக்கும்.

இரண்டு மாநிலத்திலும் ஓட்டும்போது கைப்பேசியைக் கையில் பிடிக்கக் கூடாது. வரைபடத்துக்கு ஒரு தாங்கி பொருத்திவிடுங்கள்.

வழித்துணை: 650

பாட்டுப் பட்டியலைக் கைப்பேசியில் தயார் செய்துகொண்டு போவது எல்லோரும் செய்வது. இந்தப் பயணத்துக்கு ரேடியோதான் பொருத்தம். டபிள்யூ.எஸ்.எம். 50,000 வாட் நிலையம். பகலில் அலை தரையோடு ஒட்டிப் போகும், அதனால் மான்டீகிள் ஏறி இறங்கிய பிறகு தெளிவாகப் பிடிக்கத் தொடங்கும், மைலுக்கு மைல் இரைச்சல் வடிவதைக் கேட்டுக்கொண்டே போகலாம். இருட்டிய பிறகு அலை வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான மைல் தள்ளி இறங்கும். அட்லாண்டாவில் இரவில் கேட்பது அப்படித்தான். இதில் ஒரு விநோதம்: நடுவிலிருக்கும் சாட்டனூகா வட்டாரத்தில், தரையலையும் வானலையும் ஏறக்குறைய சம பலத்தில் மோதி, குரல் நீருக்குள்ளிருந்து வருவதுபோல ஏறி இறங்கும். ரேடியோ கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். அட்லாண்டாவுக்குள் பக்கத்து அலைவரிசை 640-இல் உள்ளூர் நிலையம் இருப்பதால் கரகரப்பு கலக்கும். நகரின் வடக்கே தள்ளி வந்து கேட்டால் மேல்.

காரில் இரைச்சல் அதிகம் என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சிகரெட் லைட்டர் துளையில் செருகிய மலிவான சார்ஜரை. அதைப் பிடுங்கியதும் பாதி இரைச்சல் அடங்கும். டெஸ்லா போன்ற சில மின்கார்களில் ஏஎம் கிடையாது, மோட்டாரின் மின்காந்த இரைச்சல்தான் காரணம். அவர்கள் இணைய ஒலிபரப்பில் கேட்டுக்கொள்ளலாம், ஆனால் இரைச்சல் வடியும் சுகம் அதில் இல்லை. ஊர் போய்ச் சேர்ந்தபின் நேரமிருந்தால் நாஷ்வில்லுக்குத் தெற்கே பிரென்ட்வுட்டில் ஐ-65 ஓரம் நிற்கும் டபிள்யூ.எஸ்.எம். கோபுரத்தைப் பாருங்கள். 808 அடி உயரம், நடுவில் அகன்று இரு முனையும் ஒடுங்கிய வைர வடிவம். அதன்மேல் ஆன்டெனா எதுவும் வைக்கவில்லை; கோபுர இரும்பு முழுக்கவே ஆன்டெனா.

வண்டி, சாப்பாடு, பிராட்வே

ஓப்ரி ஹவுஸுக்கு வண்டி நிறுத்துவது சுலபம், ஓப்ரி மில்ஸ் கடைவளாகத்தை ஒட்டி விரிந்த திறந்தவெளி. முடிந்ததும் ஆயிரக்கணக்கான வண்டி ஒரே சமயம் கிளம்பும் என்பதால், வெளிவழிக்குப் பக்கமாகப் பின்னோக்கி நிறுத்துங்கள். ரைமன் பக்கம் கதையே வேறு. எதிரே பிரிட்ஜ்ஸ்டோன் அரீனாவில் ஹாக்கி ஆட்டமோ பெரிய கச்சேரியோ அதே இரவில் இருந்தால் நிறுத்துமிடக் கட்டணம் மணிக்கு மணி ஏறும். அன்றைய அரீனா அட்டவணையைப் பார்த்துவிட்டு முன்பதிவு செய்யுங்கள். நடக்கத் தயங்காதவர்களுக்குச் சர்ச் தெருவில் பொது நூலகத்தின் நிறுத்துமிடம் உண்டு. ஆள் இல்லாத தனியார் இடங்களில் கம்பத்தில் ஒட்டிய கியூஆர் ஸ்டிக்கரைப் படம் பிடித்துப் பணம் கட்டுமுன், அது பலகையோடு அச்சிட்டதா, மேலே யாரோ ஒட்டியதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

நாஷ்வில் ஹாட் சிக்கன் நம்மவர்களைக் குழப்பும் சமாச்சாரம். காரம்தானே, நமக்கென்ன என்று கார அளவில் கடைசிப் படிக்குப் போய்விடுகிறார்கள். இங்கே காரம் மசாலாவாகக் கறிக்குள் ஊறியதில்லை. பொரித்து எடுத்த கோழிமேல், சூடான கொழுப்பில் குழைத்த கேயென் மிளகாய்த்தூளைப் பூசுகிறார்கள். எண்ணெய் உதட்டில் ஒட்டிக்கொண்டு எரியும், தண்ணீர் குடித்தால் அடங்காது. அடியில் வைக்கும் வெள்ளை ரொட்டித் துண்டும் மேலே வைக்கும் ஊறுகாய் வெள்ளரியும் அலங்காரத்துக்கு இல்லை; கடிக்குக் கடி அவற்றைச் சேர்த்துத்தான் சாப்பிட வேண்டும். முதல்முறை நடுப்படியில் நில்லுங்கள், நிகழ்ச்சிக்கு முன்னால் அதற்கு மேல் போகவே வேண்டாம். இந்த உணவு தொடங்கிய இடம் பிரின்சஸ் என்ற கடை. ஹேட்டி பீஸ் சுற்றுலாக்காரர்களுக்குப் பழக்கமான பெயர், வரிசை நீளம்.

சைவக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மீட் அண்ட் த்ரீ என்னும், ஓர் இறைச்சியும் மூன்று தொடுகறியும் தரும் சாப்பாட்டுக் கடைகளில் வெறும் காய்கறித் தட்டு என்று கேட்டு வாங்கலாம். ஆனால் பீன்ஸ், கீரை, வெள்ளை மொச்சை எல்லாம் பெரும்பாலும் பன்றித் தொடையெலும்போ பேக்கனோ போட்டு வேகவைத்தவை. சோள ரொட்டியிலும், இங்கே பிஸ்கட் என்று சொல்லும் மென்மையான ரொட்டியிலும் பன்றிக்கொழுப்பு இருக்கலாம். இறைச்சி இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பார்கள், துண்டு இல்லையே. எதில் வேகவைத்தீர்கள் என்று கேளுங்கள். மக்ரோனி சீஸ் பொதுவாகப் பிழைத்துப்போகும். ஊரின் தென்மேற்கே பெல்வியூவில் ஸ்ரீ கணேசா கோயில் இருக்கிறது. மறுநாள் காலை அந்தப் பக்கம் போகிறவர்கள் அதே திசையில் லவ்லெஸ் கஃபேயையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பிராட்வே மதுக்கடைகளில் காலையிலிருந்தே மேடையில் வாசித்துக்கொண்டிருப்பார்கள், நுழைவுக் கட்டணம் கிடையாது. அதற்குப் பதிலாக வாளி சுற்றி வரும். வாசிக்கிறவர்களின் வருமானம் முக்கியமாக அதுதான், வாளியைப் பார்த்ததும் கைப்பேசியைப் பார்ப்பது அழகில்லை. ஐந்து, பத்து டாலர் தாள்களாக மாற்றி வைத்திருங்கள். விரும்பிய பாட்டை வாசிக்கச் சொல்வதென்றால் டாலர் தாளோடு கேட்பதுதான் வழக்கம். மாலைக்கு மேல் பெரும்பாலான கடைகளில் 21 வயது ஆகாதவர்களை விடமாட்டார்கள், அடையாள அட்டை எல்லோருக்கும் வேண்டும். பிரபலங்கள் பெயர் போட்ட பல மாடிக் கடைகளில் ஓடுவது பெரும்பாலும் ராக் பாட்டுகள். பழைய கன்ட்ரி கேட்க ராபர்ட்ஸ் வெஸ்டர்ன் வேர்ல்ட் போதும். முன்பு பூட்ஸ் விற்ற கடை, சுவரில் இன்னும் பூட்ஸ் வரிசை நிற்கிறது. புளூகிராஸ் பைத்தியங்கள் இங்கே நிற்காமல் கல்ச் பகுதியில் ஸ்டேஷன் இன் என்ற இசைக்கூடத்துக்குப் போகட்டும்.

தங்குவதற்கு ஓப்ரி ஹவுஸ் பக்கத்தில் கேலார்ட் ஓப்ரிலேண்ட் இருக்கிறது. கண்ணாடிக் கூரைக்குள் தோட்டமும் ஓடையுமாக 2,888 அறை. அறை வாடகையோடு ரிசார்ட் கட்டணமும் வண்டிக் கட்டணமும் தனியாக ஏறும், மூன்றையும் கூட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள். அதன் தோட்டத்தைச் சும்மா நடந்து பார்க்க அறை எடுக்கத் தேவையில்லை. மியூசிக் வேலி டிரைவில் சாதாரண விடுதிகள் பாதிச் செலவில் கிடைக்கும்.

அன்றிரவே திரும்பிவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்களுக்கு: ஒன்பதேகாலுக்கு முடிந்து, வண்டி எடுத்து வெளியே வர ஒன்பதே முக்கால் ஆகும். மான்டீகிள் இறக்கத்துக்கு வரும்போது பதினொன்றைத் தாண்டியிருக்கும், தூக்கக் கலக்கத்தில் லாரிகளோடு இறங்க வேண்டும். அட்லாண்டா கடிகாரத்தில் வீடு சேர விடியற்காலை மூன்று. கட்டாயம் போயே ஆக வேண்டும் என்றால் மான்டீகிளுக்கு முன்பு மான்செஸ்டரில் நிறுத்தி, முகம் கழுவி, ஒரு காபி குடித்துவிட்டு இறங்குங்கள். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு 650-ஐ வைத்தால், சாட்டனூகாவில் ஏறி இறங்கிய குரல் டால்டன் தாண்டியதும் மறுபடி நிலைக்கு வரும்.